என் கணினியில் மட்டும் திறந்த கோப்பு

எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேரால் பயன்படுத்த முடியாத ஒரு மென்பொருளை எல்லோருக்குமான கருவி என்று நான் தேர்ந்தெடுத்தேன். அதனால் ஒரு தவறு நேர்ந்தபோது, பழி என்னைவிட மிகவும் இளைய ஒரு பெண்மீது விழுந்தது. உண்மை எனக்குத் தெரியும். தெரிந்தும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். இதை மென்மையாகச் சொல்லும் வழியை நான் தேடவில்லை. எல்லாமே பெட்டிகளும் அம்புக்குறிகளும் வரைகிற ஒரு மென்பொருளில் தொடங்கியது என்பதால், இது சின்ன விஷயம் என்று பல காலம் என்னையே ஏமாற்றிக்கொள்ளவும் முடிந்தது.

கோவையில் ஒரு நடுத்தர மென்பொருள் நிறுவனத்தில் தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்தேன். எங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியாளர்கள். வெளிநாட்டு பையரிடமிருந்து ஆர்டர் வந்தது முதல் நூல், நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று ஒவ்வொரு கட்டமும் தாண்டி, அட்டைப்பெட்டிகள் கண்டெய்னரில் ஏறித் தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கிளம்பும்வரை கணக்கு வைப்பது எங்கள் மென்பொருள். எந்தப் பிரிவின் தகவல் எந்த சர்வருக்குப் போகிறது, எது நின்றால் அதோடு சேர்ந்து எது நிற்கும் என்பதையெல்லாம் யாரும் மனப்பாடமாக வைத்திருக்க முடியாது. அதற்காகத்தான் வரைபடங்கள். அலுவலகப் பேச்சில் டயகிராம். இரவு ஏதாவது பழுதானால் முதலில் திறப்பது அதைத்தான்.

அங்கே மூன்று வகைக் கணினிகள் இருந்தன. கணக்குப் பிரிவு, புராஜெக்ட் மேனேஜர்கள், நான் எல்லோரும் விண்டோஸ். ஐபோன் செயலி எழுதுகிறவர்களுக்கு மேக் இல்லாமல் வேலை நடக்காது. அதற்கான எக்ஸ்கோடு மேக்கில் மட்டுமே ஓடும். டிசைனர்களும் மேக்தான். சர்வர் பக்கம் எழுதுகிறவர்கள் உபுண்டு வைத்திருந்தார்கள். சர்வர்கள் லினக்ஸில் ஓடும்போது அதே சூழலில் எழுதிச் சோதிப்பது இயல்பு. அவர்களில் சிலர் பள்ளி நாட்களிலேயே லினக்ஸைத் தொட்டவர்கள். 2011-இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் சென்னையில் உருவாக்கிய இயங்குதளம் அது. ஆக, யாரும் அடம்பிடித்து வேறு கணினி வைத்திருக்கவில்லை. அவரவர் வேலையும் அவரவர் வந்த வழியும் அதைத் தீர்மானித்தன.

அதுவரை ஒவ்வொருவரும் கையில் கிடைத்ததில் வரைந்துகொண்டிருந்தார்கள். சிலர் பவர்பாயிண்டில், மேக்காரர்கள் ஆம்னிகிராஃபிளில், உபுண்டுக்காரர்கள் டியாவில், அவசரமானால் வெள்ளைப் பலகையைப் போட்டோ பிடித்து. ஒருவர் வரைந்ததை இன்னொருவர் தொடர முடியவில்லை. நிர்வாகம் என்னைக் கூப்பிட்டு, ஒரே கருவியாகத் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள் என்றது. விசியோ என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. எதையும் சோதிக்கவில்லை. நான் கேட்டு வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பின்னால் நடந்தவற்றில் பெரும்பகுதி நடந்திருக்காது.

விசியோ நல்ல மென்பொருள். இதில் நடந்த எந்தத் தவறையும் அதன்மேல் போட எனக்கு உரிமை இல்லை. தமிழ் அச்சகங்களில் ஒரு தலைமுறையே பக்கம் வடிவமைத்த பேஜ்மேக்கரை உருவாக்கிய ஆல்டஸ் நிறுவனத்திலிருந்து வெளியே வந்தவர்கள் தொடங்கியது அது. முதல் பதிப்பு 1992-இல் வந்தது; 2000-இல் மைக்ரோசாஃப்ட் விசியோ நிறுவனத்தை வாங்கியது. ஓரத்தில் இருக்கும் தயார் வடிவங்களிலிருந்து ஒன்றை இழுத்துப் போட்டால் அது வெறும் சதுரமாக இருக்காது. சர்வராக, வால்வாக, கதவாகத் தன் குணத்தோடு நடந்துகொள்ளும். பெட்டியை நகர்த்தினால் அதில் ஒட்டிய கோடும் கூடவே வரும். நெட்வொர்க் கருவி செய்யும் நிறுவனங்கள் தங்கள் கருவிகளின் படங்களை விசியோவுக்கென்றே தயாரித்து வெளியிட்டன. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் கற்று, என் கைக்குப் பழகிப்போன கருவி அது. அதில் என் வேகம் அலுவலகத்தில் யாருக்கும் வராது.

ஆனால் அதன் டெஸ்க்டாப் பதிப்பு விண்டோஸுக்கு மட்டுமானது. அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். இப்போது உலாவியில் திறக்கிற விசியோ இருக்கிறது. டெஸ்க்டாப்பின் எல்லா வசதிகளும் அதில் இல்லை. மேலும் டெஸ்க்டாப் பதிப்பு ஆஃபீஸ் தொகுப்போடு சேர்ந்து வருவதில்லை, தனி லைசென்ஸ் வேண்டும். விண்டோஸ் வைத்திருந்தவர்களிலும் எனக்கும் சில மேனேஜர்களுக்கும் மட்டும்தான் வாங்கினோம். இதெல்லாம் தெரிந்தே பரிந்துரை எழுதினேன். மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு என்ன வழி என்ற இடத்தில், “மற்றவர்கள் பிடிஎஃப் வடிவில் பார்த்துக்கொள்ளலாம்” என்று ஒரே வரியில் முடித்தேன். பார்ப்பதும் திருத்துவதும் ஒன்றில்லை என்பது எனக்குத் தெரியாததல்ல. அந்த வரியை எழுதும்போது அது எனக்குப் பொருட்டாகப் படவில்லை.

ஏன் படவில்லை என்பதைத்தான் நான் ஒப்புக்கொள்ள வேண்டும். வரைபடங்கள் என் வழியாகப் போய் வருவது எனக்குப் பிடித்திருந்தது. ஏதாவது மாற வேண்டுமென்றால் என் மேசைக்கு வருவார்கள். நான் திறப்பேன், இழுப்பேன், ஒட்டுவேன், அச்சிட்டுக் கொடுப்பேன். வயது ஏற ஏற, புதிதாக வந்தவர்கள் எழுதும் மொழிகளிலும் கருவிகளிலும் நான் பின்தங்கிக்கொண்டிருந்தேன். வரைபடம் ஒன்றுதான் இன்னும் நான் இல்லாமல் நடக்காத வேலை. ஊர்ப் பொதுக் கிணற்றின் வாளியை என் வீட்டுத் திண்ணையில் வைத்துக்கொண்டு, தண்ணீர் வேண்டுமானால் கேளுங்கள், இறைத்துத் தருகிறேன் என்று சொன்ன மாதிரி நடந்துகொண்டேன். அப்படிச் சொல்வதைப் பெருந்தன்மை என்றும் நினைத்துக்கொண்டேன்.

சர்வர் குழுவில் ஒரு பெண் இருந்தார். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அரசுப் பள்ளியில் படித்து, அரசு பொறியியல் கல்லூரி வழியாக வந்தவர். மற்றவர்கள் பிடிஎஃப்-ஐப் பார்த்துவிட்டுப் போய்விடும்போது, அவர் மட்டும் என் கோப்பைத் தன் உபுண்டுவில் திறக்க முயன்றிருக்கிறார். விசியோ 2013-இலிருந்து கோப்பு வடிவம் மாறியது. அதற்கு முந்தைய விஎஸ்டி கோப்பை வெளியாட்கள் எளிதில் படிக்க முடியாது. புதிய விஎஸ்டிஎக்ஸ் உண்மையில் ஒரு ஜிப் கோப்பு. பிரித்தால் உள்ளே எக்ஸ்எம்எல் கோப்புகள் இருக்கும். லிப்ரே ஆஃபீஸ் 2012-இல் வந்த 3.5 பதிப்பிலிருந்தே விசியோ கோப்புகளைத் திறக்கக் கற்றுக்கொண்டிருந்தது. ஆனால் திறக்கத்தான் தெரியும். மாற்றிய பிறகு அதே வடிவத்தில் திரும்பச் சேமிக்கத் தெரியாது. லிப்ரே ஆஃபீஸின் சொந்த வடிவமான ஓடிஜி-யில்தான் சேமிக்கலாம்.

“சார், ஃபைல் என் மெஷின்ல திறக்குதுங்க. ஆனா மாத்திட்டு சேவ் பண்ணா உங்களுக்கு விசியோல திரும்ப வராதுங்க. ரெண்டு ஃபைல் ஆயிடும்” என்று வந்து சொன்னார்.

“என்ன மாத்தணும்னு மெயில் போடும்மா, நான் பண்ணிடறேன்” என்றேன்.

அவர் சொன்னதில் இருந்தது முழுக்கவும் தொழில்நுட்ப உண்மை. ஒரே வரைபடம் இரண்டு வடிவங்களில் இருந்தால் நாளடைவில் இரண்டும் வேறு வேறு கதை சொல்லும். அதோடு, ஒரு மென்பொருளின் கோப்பை இன்னொன்று திறக்கும்போது சின்னச் சின்ன இழப்புகள் நேரும். பெட்டியோடு ஒட்டியிருந்த கோடு வெறும் கோடாகிவிடலாம். பிறகு பெட்டியை நகர்த்தினால் கோடு பழைய இடத்திலேயே கிடக்கும். பார்க்கிறவருக்கு அந்தக் கோடு தவறான சர்வரைச் சுட்டும். அழகு கெடுவது பெரிய காரியமில்லை, பொருள் மாறுவதுதான் ஆபத்து. இதை என்னிடம் முதலில் எடுத்துச் சொன்னவர் அவர். நான் அதைப் புகார் என்று எடுத்துக்கொண்டேன்.

எழுத்துருச் சிக்கலையும் அவர்தான் காட்டினார். தொழிற்சாலை மேஸ்திரிகளும் சூப்பர்வைசர்களும் படிக்க வேண்டிய வரைபடங்களில் தமிழில் பெயரிடுவோம். என் கணினியில் லதா எழுத்துருவில் பெட்டிக்குள் கச்சிதமாக உட்கார்ந்த பெயர், அது இல்லாத லினக்ஸில் லோஹித் தமிழுக்கும், மேக்கில் தமிழ் சங்கம் எம்என்னுக்கும் மாறும்போது அகலம் கூடிப் பெட்டியைத் தாண்டி ஓடியது. ஆங்கிலத்திலும் இதே கதைதான்: ஆஃபீஸோடு வரும் காலிப்ரி மற்றவர்களிடம் இருக்காது. அதே அகலத்தில் செய்யப்பட்ட கார்லிட்டோ என்ற இலவச எழுத்துருவைப் போட்டுக்கொள்ள வேண்டும். இன்னும் மோசம், சில பழைய வரைபடங்களில் யாரோ பாமினியில் தட்டிய பெயர்கள். யூனிகோடுக்கு முந்தைய அந்த எழுத்துரு இல்லாத கணினியில் “தையல் பிரிவு” என்பது பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். நோட்டோ சான்ஸ் தமிழ் மூன்று இயங்குதளங்களிலும் இலவசமாகக் கிடைக்கிறது, அதையே எல்லோரும் வைத்துக்கொள்ளலாம் என்றார். பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். பார்க்கவில்லை.

பிறகு ஒருமுறை, மூன்றிலும் ஓடக்கூடிய மென்பொருள்களை ஒப்பிட்டு ஒரு பட்டியல் தயாரித்துக் கொண்டுவந்தார். யாரும் கேட்காமல், தன் வேலை நேரம் முடிந்த பிறகு உட்கார்ந்து செய்தது. முதல் பக்கத்தைப் புரட்டிவிட்டு, லைசென்ஸ் வாங்கியாச்சு, இப்போது மாற்ற முடியாது என்றேன். அந்தத் தாள்கள் என் டிராயருக்குள் போயின. அவர் முகம் மாறியதை நான் கவனித்தேன். கவனித்ததை மறைக்க விரும்பவில்லை.

அடுத்து நடந்ததைச் சொல்கிறேன். பேக்கிங் பிரிவில் அட்டைப்பெட்டிகளில் ஒட்டும் பார்கோடு ஸ்டிக்கர்களை அச்சிட அனுப்பும் சேவை ஒன்று இருந்தது. அது ஓடிய சர்வரில் டிஸ்க் பழுதானதால், அந்தப் பெண் அதை வேறொரு பழைய சர்வருக்கு மாற்றினார். அவசரத்தில் செய்த சரியான முடிவு. மாற்றிய அன்றே எனக்கு மெயில் அனுப்பினார். எந்தச் சேவை எங்கிருந்து எங்கே போயிருக்கிறது என்று தாளில் கையால் வரைந்து, படம் பிடித்து, டயகிராமில் இதைச் சேர்த்துவிடுங்கள் என்று கேட்டிருந்தார். நான் படித்தேன். வார இறுதியில் செய்யலாம் என்று குறியிட்டு வைத்தேன். வார இறுதி வந்தது. அதன்பின் வேறு வேலை வந்தது. என் வரைபடத்தில் அந்தப் பழைய சர்வர், ரிப்போர்ட் எடுப்பதற்கு மட்டும் பயன்படுவதாகவே இருந்தது.

பிறகு ஒரு பராமரிப்பு இரவில் அந்தப் பழைய சர்வரை நிறுத்தினார்கள். நிறுத்தியது வேறு குழு. அந்தப் பெண் பண்டிகைக்கு ஊருக்குப் போயிருந்தார். அவர்கள் பிடிஎஃப்-ஐ விரித்து வைத்து, ரிப்போர்ட் மட்டும்தானே, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று அணைத்தார்கள். அவர்கள்மேல் எந்தத் தவறும் இல்லை. வரைபடத்தை நம்புவதுதான் அவர்கள் வேலை. திருப்பூரில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டிக்கர் வருவது நின்றது. பார்கோடு இல்லாத பெட்டியை பையரின் கிடங்கு வாங்காது. இரவு ஷிஃப்டில் இருந்த பேக்கிங் பெண்கள் கட்டிய பெட்டிகளுக்கு நடுவே விடியும்வரை சும்மா உட்கார்ந்திருந்தார்கள். காரணம் கண்டுபிடிக்கப்பட்டபோது காலை ஆகிவிட்டது. கண்டெய்னர் தூத்துக்குடியில் கட்-ஆஃப் நேரத்துக்குள் போய்ச் சேரவில்லை. சரக்கு அடுத்த கப்பலுக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

விசாரணைக் கூட்டத்தில் எம்.டி. கேட்டார்: “இது ஏன் டயகிராம்ல இல்லை?”

அந்தக் கேள்விக்குப் பதில் என் மெயிலில் இருந்தது. கூட்டத்துக்கு வருவதற்கு முன்பே அதைத் திறந்து தேதியையும் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். ஆனாலும் நான் சொன்னது இது: “மாத்தினவங்க முறைப்படி டாக்குமெண்ட் பண்ணியிருக்கணும் சார். இனிமே அதைக் கட்டாயமாக்கிடறேன்.” எல்லோரும் அந்தப் பெண்ணைப் பார்த்தார்கள். மெயில் அனுப்பியிருந்தேன் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “சாரிங்க சார்” என்றார். என் பதவியை எதிர்த்துப் பேசும் நிலையில் அவர் இல்லை என்பது எனக்குத் தெரியும். அந்த அமைதியை நான் பயன்படுத்திக்கொண்டேன். அந்த ஆண்டு அவருடைய மதிப்பீட்டில், ஆவணப்படுத்துவதில் கவனம் தேவை என்று ஒரு குறிப்பு ஏறியது. அதில் கையெழுத்துப் போட்டது நான்தான். சம்பள உயர்வு குறைந்தது. சில மாதங்களில் பெங்களூருக்கு வேறு வேலைக்குப் போய்விட்டார்.

நிர்வாகத்திடம் உண்மையைச் சொன்னது அதற்கும் பிறகுதான். யாரும் என்னை மடக்கவில்லை. புதிதாக ஒரு இளைஞர் அதே சர்வர் குழுவில் சேர்ந்து, கோப்பை மாற்றிச் சேமிக்க முடியவில்லை என்ற அதே சிக்கலோடு என் மேசைக்கு வந்தார். அவரிடமும் மெயில் போடச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான், இன்னொருவரை அதே இடத்தில் நிறுத்துகிறேன் என்பது உறைத்தது. எம்.டி.யிடம் போய் மெயிலைக் காட்டினேன். மதிப்பீட்டுக் குறிப்பு நீக்கப்பட்டது. அந்தப் பெண்ணுக்கு நிறுவனத்தின் பெயரில் கடிதம் போனது. நானும் தனியாக எழுதி மன்னிப்புக் கேட்டேன். பதில் சுருக்கமாக வந்தது: “மெயில் அனுப்பினது ஞாபகம் இருக்குங்க சார். நீங்க அதைப் படிக்கவே இல்லைன்னு நெனச்சுட்டு இருந்தேன்.”

நான் படிக்கவில்லை என்று நினைத்துத்தான் அவர் என்னை மன்னித்திருந்தார். படித்தேன் என்று திரும்ப எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை. வர வேண்டும் என்று எதிர்பார்க்கவும் எனக்கு உரிமை இல்லை. கடிதம் குறிப்பை நீக்கியது. இழந்த சம்பள உயர்வையோ, எல்லோர் முன்னாலும் தலைகுனிந்த அந்த நிமிடத்தையோ அது திருப்பித் தரவில்லை.

டிராயரிலிருந்து அவர் பட்டியலை எடுத்து முதல்முறையாக முழுவதும் படித்தேன். மென்பொருள் பெயர்களுக்கு முன்னால் ஒரு சோதனை முறையை எழுதியிருந்தார். நாம் உண்மையில் பயன்படுத்தும் ஒரு பெரிய வரைபடத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். விண்டோஸில் ஒருவர் ஒரு பெட்டியை நகர்த்த வேண்டும். அதை லினக்ஸில் ஒருவர் திறந்து ஒரு இணைப்பைச் சேர்க்க வேண்டும். மேக்கில் ஒருவர் ஒரு தமிழ்ப் பெயரை மாற்ற வேண்டும். கோப்பு மீண்டும் முதல் ஆளிடம் வரும்போது கோடுகள் பெட்டிகளோடு ஒட்டியிருக்கின்றனவா, எழுத்து பெட்டிக்குள் இருக்கிறதா, லேயர்கள் பிழைத்தனவா என்று பார்க்க வேண்டும். ஒரு காலைப்பொழுது போதும். ஆண்டுக்கணக்கில் அலுவலகத்தைக் கட்டிப்போடும் முடிவுக்கு அந்தக் காலைப்பொழுதை நான் கொடுக்கவில்லை.

அந்தச் சோதனையை இப்போது செய்தோம். ஒவ்வொரு கருவியும் தன்னிடம் இருப்பதையும் இல்லாததையும் நேராகக் காட்டியது. டியா மூன்றிலும் ஓடும், இலகுவானது. ஆனால் அதன் வளர்ச்சி பல ஆண்டுகளாக மிக மெதுவாகிவிட்டது. ஆம்னிகிராஃபிள் மிக அழகாக வரையும். ஆப்பிள் கருவிகளுக்கு வெளியே இல்லை. அதை எடுத்திருந்தால் என் தவறையே திசை மாற்றிச் செய்திருப்போம். லிப்ரே ஆஃபீஸ் டிரா மூன்றிலும் ஒன்றுபோல ஓடும். அதன் ஓடிஎஃப் வடிவம் 2006-இலேயே ஐஎஸ்ஓ தரமானது. ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகரில் இருக்கும் ஒய்வொர்க்ஸின் ஒய்எட், ஜாவாவில் ஓடுவதால் இயங்குதளம் அதற்கு ஒரு பொருட்டில்லை. நூறு பெட்டிகளைக் கொட்டினாலும் தானாக அடுக்கித் தரும்.

உலாவியில் ஓடும் சந்தா மென்பொருள்கள் இந்தச் சிக்கலை ஒரேயடியாகத் தீர்ப்பதுபோல் தெரியும். உலாவி எல்லோரிடமும் இருக்கிறது. ஆனால் எங்கள் வரைபடங்களில் வாடிக்கையாளர்களின் உள் நெட்வொர்க் முகவரிகள் இருந்தன. எந்தக் கதவு எங்கே இருக்கிறது என்று எல்லாம் அதில் தெரியும். அதை வெளியே ஒரு சர்வரில் வைக்க அவர்கள் அனுமதி வேண்டும். இணையம் போன இரவிலும் வரைபடம் திறக்க வேண்டும். அதனால் இணைப்பு இல்லாமலும் ஓடுகிற, கோப்பு எங்கள் கையிலேயே இருக்கிற கருவி எது என்று பார்த்தோம். டிரா.ஐஓ-வின் டெஸ்க்டாப் பதிப்பு மூன்று இயங்குதளங்களுக்கும் இருந்தது. வரைபடத்தைத் தன்னுள்ளே வைத்திருக்கும் எஸ்விஜி படமாகவே அதில் சேமிக்கலாம். பார்க்க நினைப்பவர் உலாவியில் பார்க்கலாம், திருத்த நினைப்பவர் அதே கோப்பைத் திறந்து திருத்தலாம். பார்ப்பவருக்கு ஒரு கோப்பு, திருத்துபவருக்கு ஒரு கோப்பு என்ற பிரிவே அதில் இல்லை. நான் பிடிஎஃப் வழியாக உண்டாக்கிய பிரிவு அதுதான்.

புரோகிராமர்கள் ஒரு படி மேலே போனார்கள். பெல் ஆய்வகத்தில் பிறந்த கிராஃப்விஸ், அதன்பின் வந்த பிளாண்ட்யூஎம்எல், மெர்மெய்ட் போன்றவற்றில் வரையவே வேண்டாம். எது எதோடு இணைகிறது என்று எழுதினால் போதும், கருவியே வரைந்துவிடும். எழுத்தாக இருப்பதால், மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் மென்பொருளில் வைத்தால் எந்த வரியை யார் எப்போது மாற்றினார் என்று தெளிவாகத் தெரியும். விசியோ கோப்பில் அது தெரியாது. கோப்பு மாறியது என்று மட்டும் காட்டும். மெர்மெய்டை 2022 முதல் கிட்ஹப் நேரடியாகவே படமாகக் காட்டுகிறது. எல்லா வரைபடங்களையும் இப்படி எழுத்துக்கு மாற்றிவிடலாம் என்று அவர்கள் ஆசைப்பட்டார்கள்.

அங்கே நான் தடுத்தேன். இந்த முறை என் வசதிக்காக இல்லை. திருப்பூரில் பேக்கிங் சூப்பர்வைசருக்கும் எங்கள் புராஜெக்ட் மேனேஜர்களுக்கும் அந்தக் குறிமுறை தெரியாது. எழுதினால் மட்டுமே வரையும் கருவியைக் கட்டாயமாக்கினால், சர்வர் குழுவுக்கு நான் செய்ததை நாளை சர்வர் குழு மற்றவர்களுக்குச் செய்யும். அதோடு, இவை பெட்டிகளைத் தங்கள் கணக்குப்படிதான் அடுக்கும். தொழிற்சாலையில் கட்டிங் பிரிவு நுழைவாயிலுக்கு இடப்புறம் இருந்தால் படத்திலும் அது இடப்புறம் இருக்க வேண்டும் என்பது அங்கே வேலை செய்பவருக்கு முக்கியம். எனவே நிரலோடு சேர்ந்து வாழும் சிறிய படங்கள் எழுத்தாக, எல்லோரும் தொட வேண்டியவை டிரா.ஐஓ-வில் என்று பிரித்தோம். எல்லாக் கணினிகளிலும் நோட்டோ சான்ஸ் தமிழ் ஏறியது. அந்தப் பெண்ணின் ஆலோசனை அது என்று அறிவிப்பில் எழுதினேன்.

பழைய விசியோ கோப்புகளை மொத்தமாக மாற்றும் முயற்சியைக் கைவிட்டோம். மாற்றம் என்ற பெயரில் ஒட்டாத கோடுகள் நூற்றுக்கணக்கில் உள்ளே வந்துவிடும். தினமும் பயன்படுபவற்றைப் புதிதாக வரைந்தோம். மற்றவற்றைத் தேதியிட்ட பிடிஎஃப்-ஆக ஒதுக்கி, இது பழையது என்று முதல் பக்கத்திலேயே எழுதி வைத்தோம். ஒரு சேவையை இடம் மாற்றுபவர், அந்த மாற்றத்தோடு கூடவே வரைபடத்தையும் மாற்ற வேண்டும் என்பது விதியானது. நான் அன்று கூட்டத்தில் வாயளவில் சொன்ன அதே விதிதான். அன்று அது நியாயமற்றது. மாற்றும் கருவியைக் கொடுக்காமல் மாற்றவில்லை என்று குற்றம் சொன்ன விதி அது. கருவி எல்லோர் கைக்கும் போன பிறகுதான் அதைக் கேட்க எங்களுக்குத் தகுதி வந்தது.

மென்பொருளைத் தேர்ந்தெடுப்பவர்கள் விலை, வசதி, பழக்கம் என்று பார்ப்பார்கள். நானும் அதைத்தான் பார்த்தேன். ஒரு அலுவலகத்தில் எந்தக் கருவி நிலையாகிறதோ, அதைத் திறக்க முடிந்தவர்கள்தான் அங்கே உண்மையை எழுதுகிறவர்கள் ஆகிறார்கள். மற்றவர்கள் நடந்ததைத் தெரிந்திருந்தும் அதைப் பதிவு செய்ய இன்னொருவரின் தயவுக்குக் காத்திருக்கிறார்கள். அந்த இன்னொருவர் சோம்பலாக இருந்தால் வேலை கெடும். கோழையாக இருந்தால் ஒரு மனிதரின் பெயர் கெடும். நான் இரண்டுமாக இருந்தேன்.

இந்தத் தவறில் நிர்வாகத்தின் அவசரத்தையோ, வேலைப்பளுவையோ, எந்த மென்பொருளையோ நான் கூட்டுச் சேர்க்கவில்லை. இதைப் படிப்பவர்களில் யாராவது இன்று அப்படி ஒரு தேர்வைச் செய்யும் நாற்காலியில் இருந்தால், அவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முதலில் உங்கள் கணினியை மூடிவையுங்கள். உங்களிடமிருந்து மிகவும் வேறுபட்ட கணினி யாரிடம் இருக்கிறதோ, அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். பதவியில் உங்களைவிடக் கீழே இருப்பவராக அவர் இருக்கலாம். அப்படியானால் இன்னும் பொறுமையாக உட்காருங்கள், ஏனென்றால் அவராகச் சொல்ல மாட்டார். உங்கள் கோப்பை அவரிடம் கொடுத்து ஒரு பெட்டியை மாற்றித் திரும்பத் தரச் சொல்லுங்கள். “பார்க்க முடியுதுங்க” என்று அவர் சொன்னால், உங்கள் தேர்வு இன்னும் முடியவில்லை.